புது மண்டபத்தில் சல்லடம் தைத்த நாட்கள்

கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கவும் புது மண்டபம், ஜூன் பிறந்தால் பழைய பாடப்புத்தகம் தேடவும் புது மண்டபம். எங்கள் சக்கிமங்கலத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பியவர்களின் பாதி நாள் அந்தக் கல் தூண்களுக்கு நடுவில்தான் கழியும். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 124 தூண்களுக்கு இடையில், பாத்திரம், வளையல், குங்குமம், பஞ்சாங்கம், தையல் என்று அத்தனையும் ஒரே கூரையின் கீழ். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும்.

சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்க வரும் கள்ளழகருக்குத் துருத்தி என்னும் தோல்பையால் நீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உண்டு. அதற்கு உடுத்தும் சல்லடம் என்ற அரைக்கால் சட்டையும் உருமால் என்ற தலைப்பாகையும் புது மண்டபத்தில்தான் தைக்க வேண்டும் என்பதில் அப்பாவுக்குப் பிடிவாதம். எனக்கு முதல் வேடம் ஏழு வயதில். தையல்கார பாய் என்னைத் தூக்கித் தூணின் பீடத்தில் நிறுத்தினார். முதுகில் சிற்பத்தின் விளிம்பு குத்தியது. “அசையாதே தம்பி, இது ஆடுவதற்கான உடை, இறுக்கிவிடக் கூடாது” என்று சொல்லி, இடுப்பில் இரண்டு விரல் இடம் விட்டு அளந்தார். சிவப்பும் பச்சையுமாக வெல்வெட் பட்டைகள், ஓரமெல்லாம் ஜரிகை. அவருடைய அளவு நோட்டில் ஆள் பெயரே கிடையாது. ‘சக்கிமங்கலம், துருத்தி, பெரியவர் 34, சிறியவர் 22’, அவ்வளவுதான். ஊரையும் வேண்டுதலையும் படித்தால் அவருக்கு முகம் நினைவுக்கு வந்துவிடும். அவர் அளவெடுத்து முடிப்பதற்குள் அம்மா எதிர்க்கடையில் தூக்குவாளிக்குப் பெயர் வெட்டக் கொடுத்திருப்பார்.

2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் அழகர் வைகைக்கு வரவில்லை. தைத்த உடைகள் மடித்தபடியே கிடந்தன. ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு பங்குனி, சித்திரையில்தான் என்று பாய் தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. பிறகு மண்டபத்துக் கடைகள் பக்கத்தில் இருக்கும் குன்னத்தூர் சத்திர வணிக வளாகத்துக்கு மாறின.

மண்டபத்தைக் காலி செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நாயக்க மன்னர்களின் சிலைகளை மறைத்துத் துணி தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் போய்வந்தும் அங்கிருந்த சிற்பங்களில் பாதியை நான் கண்டதில்லை. கல்லுக்கு மூச்சு விட இடம் வேண்டும், உண்மைதான். ஆனாலும் கடைகளற்ற அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் தையல் மெஷின் சத்தத்தைத்தான் காது தேடுகிறது.

போன சித்திரைக்கு என் மகனுக்கு முதல் வேடம். சத்திரத்தில் படியேறி, இரண்டு இடத்தில் விசாரித்துத்தான் கடையைக் கண்டுபிடித்தேன். பாயின் மகன் உட்கார்ந்திருந்தார். அதே நோட்டு, அட்டை மட்டும் புதிது. பையனை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏற்றினார். ஸ்டூல் ஆடியது. நான் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ‘சக்கிமங்கலம், துருத்தி’ என்று எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

“இடுப்பில் இரண்டு விரல் இடம் விடுகிறேன் அண்ணே, ஆடுகிற பிள்ளை.”