பெஞ்ச்மார்க்: ‘தர அளவுகோல்’ போதுமா?

ஐயா, வணக்கம்.

கணினிச் சிப்களின் வேகத்தை ஒப்பிடும் ‘பெஞ்ச்மார்க்’குக்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் வந்த ‘தர அளவுகோல்’ என்ற முன்மொழிவை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. மேலாண்மைக் கட்டுரைகளில் அது நன்றாகவே ஓடுகிறது. இங்கே மலேசியாவின் பாடாங் செராயில் கணினி வாங்க வருகிறவருக்கு இன்டெல் சிப்பா, ஏஎம்டி சிப்பா என்று காட்டும் அட்டவணையில் போட்டுப் பாருங்கள், இரண்டாம் வரியிலேயே சிக்கிவிடும். பெஞ்ச்மார்க் என்று நாம் வாயால் சொல்வதில் மூன்று பொருள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஓட்டிப் பார்க்கும் நிரல், அது தரும் எண், அந்த எண் எதை வைத்துக் கணக்கிடப்பட்டதோ அந்த அடிப்படை. மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் ‘இதன் தர அளவுகோல் 2500’ என்று எழுத நேரும். அளவுகோலுக்கு ஏது 2500?

அடிப்படைக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதற்குக் கீக்பெஞ்ச் என்ற சோதனை நிரலே போதும். அதன் 5ஆம் பதிப்பில் இன்டெலின் கோர் ஐ3-8100 சிப் பெறுவது 1000 என்று வைத்தார்கள். 2023இல் வந்த 6ஆம் பதிப்பில் கோர் ஐ7-12700 பெறுவது 2500. ஒரு சிப்புக்கு 5இல் வந்த எண்ணையும் இன்னொன்றுக்கு 6இல் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ‘இது வேகம்’ என்று விற்பனைப் பதிவுகளில் எழுதுகிறார்கள். சினிபெஞ்ச் என்ற இன்னொரு நிரலின் ஆர்20, ஆர்23, 2024 பதிப்புகளிலும் இதே குளறுபடிதான்.

சராசரியிலும் அடிப்படை விளையாடும். ‘அ’ சிப் கோப்புச் சுருக்கத்தில் ‘ஆ’வைவிட இரு மடங்கு வேகம், படம் உருவாக்குவதில் பாதி வேகம் என்று வையுங்கள். ‘ஆ’வை 1 என்று கொண்டால் 2, 0.5, கூட்டுச் சராசரி 1.25, ‘அ’ 25 விழுக்காடு முன்னே. ‘அ’வை 1 என்று கொண்டால் அதே கணக்கில் ‘ஆ’ 25 விழுக்காடு முன்னே! பெருக்குச் சராசரி (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம்) எடுத்தால் இரண்டு பக்கமும் 1. இத்தகைய நிரல்களைத் தொகுத்து வெளியிடும் ஸ்பெக் அமைப்பு பெருக்குச் சராசரியை வைத்திருப்பது இதனால்தான். அதன் 2017 தொகுப்புக்கு அடிப்படை ஒரு பழைய சன் ஃபயர் வி490 கணினி.

என் முன்மொழிவு: நிரலுக்கு ‘ஒப்புச்சோதனை’, எண்ணுக்குப் ‘புள்ளி’, அடிப்படைக்கு ‘அடிநிலை’.

— பாடாங் செராய்

மறுமொழி

தம்பி, மூன்று பொருள் உண்டு என்பதை ஏற்கிறேன். அதற்காகப் புதுச்சொல் ஏன்? ‘உரைகல்’ நம்மிடம் இருக்கிறது. பழைய பெயர் கட்டளைக்கல், குறள் 505இலேயே ஆளப்பட்டது. பொன் வேலை செய்யும் பத்தர் செய்வதைப் பாருங்கள். கல்லில் நகையை ஒரு கோடு இழுப்பார், பக்கத்தில் மாற்று (பொன்னின் தரம்) தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு இழுப்பார், இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவார். கல் நிரல், ஆணி அடிநிலை, கண்டறிந்த மாற்றே எண். மூன்றும் பொருந்துகின்றன.

‘சோதனை’ என்ற சொல்லில் எனக்கு வேறு சங்கடமும் உண்டு. இன்டெல், ஏஎம்டி இரண்டுமே 1972இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியவை. கூலிம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்களிடம் சிப் சோதனை என்றால், பொருத்தி முடித்த சிப் வேலை செய்கிறதா, எந்த வேகத் தரத்தில் சேரும் என்று பிரிப்பது. போட்டியாளரின் சிப்போடு ஒப்பிடுவது அல்ல.

— கூலிம்

மறுமொழி

ஐயா, தொழிற்சாலைச் சோதனையோடு குழம்பும் என்பது சரியான கருத்து. அதற்காகவே ‘ஒப்பு’ முன்னால் நிற்கிறது. ‘செயல்திறன் சோதனை’ என்று வைத்திருந்தால்தான் குழம்பும்.

உரைகல்லில் எனக்குள்ள மறுப்பு வேறு. கல்லைப் பார்த்துப் பொன் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. சிப் நிறுவனத்துக்கோ எந்தக் கல் என்பது முன்கூட்டியே தெரியும். 2024இல் ஸ்பெக் அமைப்பு இன்டெல் சிப்களின் 2,600க்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு எதிராகக் குறிப்பு எழுதியது. தொகுப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட நிரலை மட்டும் வேகப்படுத்தும் உத்தி இன்டெல் கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளில்) இருந்தது, வேறு வேலைக்கு அது உதவாது என்பதே காரணம். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் சண்டை உண்டு: சிஸ்மார்க் என்ற சோதனைத் தொகுப்பின் நடுநிலையை ஏற்காமல் 2011இல் ஏஎம்டி அதை வெளியிடும் பாப்கோ கூட்டமைப்பிலிருந்து விலகியது. ‘உரைகல்’ என்று எழுதிவிட்டால், படிக்கிறவர் அதற்கு மேல் கேள்வி கேட்கமாட்டார்.

இன்னொன்று, பொன்னின் கோடு பத்து நிமிடம் கழித்தும் அதே கோடு. ஐ7-12700க்கு அடிப்படை மின்வரம்பு 65 வாட், உச்சம் 180 வாட். சில நொடிகளில் முடியும் சோதனை முழுவதும் உச்சத்திலேயே ஓடி முடிந்துவிடும். தாய்ப்பலகை வரம்பைக் கடைப்பிடித்தால், தொடர்ந்து ஓட்டும்போது மின்சாரம் 65க்கு இறங்கும், புள்ளியும் இறங்கும். பல பலகைகள் வரம்பைத் தளர்த்தி வைத்தே வருகின்றன. அதே சிப் அங்கே வேறு புள்ளி வாங்கும். ஏஎம்டியின் ரைசன் 5 7600 பெட்டியிலும் 65 வாட் என்றுதான் இருக்கும், ஆனால் சாக்கெட் (சிப் பொருந்தும் இடம்) வழியே 88 வாட் வரை எடுக்கும். இரண்டு 65உம் ஒன்றல்ல.

அறை வெப்பத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஏர்கோன் அறையில் 21 டிகிரியில் எடுத்த புள்ளியைத் தகரக் கூரைக்குக் கீழே 32 டிகிரியில் எதிர்பார்க்க முடியாது. அதே விசிறி, அதே வாட் என்றால், அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ சிப்பும் ஏறத்தாழ அத்தனை ஏறும். ரைசன் 5 7600க்கு வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தை அடக்கும். இதற்கு ‘வெப்ப வேகமடக்கம்’ என்று ஒரு சொல்லையும் சேர்க்கலாம். சினிபெஞ்ச் ஆர்23இல் பத்து நிமிட ஓட்டத்தை விட்டுவிட்டு ஒரே சுற்றில் எடுத்த புள்ளியில் இது தெரியாது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரலைப் பக்கத்தில் திறந்து வைத்து, வாட்டும் வெப்பமும் எந்த நிமிடத்தில் மாறுகின்றன என்று பார்க்கவேண்டும்.

ரேமும் ஏமாற்றும். இரண்டு துண்டு இல்லாமல் 8 ஜிபி ஒற்றைத் துண்டோடு விற்கும் மடிக்கணினியில் சினிபெஞ்ச் புள்ளி பெரிதாகக் குறையாது. செவன்-ஸிப் கோப்புச் சுருக்கத்தில் குறையும், சிப்போடு வரும் கிராபிக்ஸில் விளையாட்டு ஓட்டினால் நன்றாகவே அடிவாங்கும். ஆகவே அட்டவணையில் ஒரு வரி இப்படி இருக்கவேண்டும்: ‘ஒப்புச்சோதனை: சினிபெஞ்ச் ஆர்23, எல்லாக் கோர்களும், 10 நிமிடம். ரேம் 8+8. மின்வரம்பு 65 வாட். அறை 31 டிகிரி. புள்ளி: …’

— பாடாங் செராய்

மறுமொழி

‘ஒப்புச்சோதனை’க்கு என் வாக்கு. ‘ஒப்புச்சோதித்தோம்’ என்று வினையாக்கினால் பல் உடையும். ‘ஒப்புச்சோதனை செய்தோம்’ போதும். ‘அடிநிலை’யும் சரி.

‘புள்ளி’தான் இடிக்கிறது. நம் மலேசியப் பள்ளிகளில் மார்க்கைப் புள்ளி என்கிறோம், இங்கே குழப்பமில்லை. தமிழ்நாட்டில் அது மதிப்பெண். குழுவில் பாதிப்பேர் அங்கிருந்து எழுதுகிறவர்கள். ‘ஒப்பெண்’ என்று சுருக்கலாமா என்றால் உள்ளே ஒரு பெண் வந்து நிற்கிறாள். மதிப்பெண்ணிலும் நிற்கிறாள், யாரும் கவனிப்பதில்லை. என் யோசனை: தலைப்பில் ‘ஒப்புப்புள்ளி’, அதன்பின் வெறும் ‘புள்ளி’. ஒப்பந்தப்புள்ளியோடு காதில் மோதுகிறது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வரட்டும்.

— சுங்கை பட்டாணி