வாழைநார்ப் பலகை: மாதிரி தேறியது, தொடர் உற்பத்திக்கு வழி என்ன?

கேள்வி – கப்பலூர்ப் பட்டறை

வணக்கம். மதுரை அருகே கப்பலூர் தொழிற்பேட்டையில், பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் பொருள்களை அழுத்த வார்ப்பில் (சூடாக்கி அச்சில் அழுத்தி) செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. சோழவந்தான் பக்கம் தார் வெட்டியபின் வீணாகும் வாழைமட்டையின் நாரைக் கலந்து, வாகனக் கதவின் உட்பக்கப் பலகை செய்தோம். ஆய்வகத்தில் மாதிரிகள் தேறின; ஆனால் ஒவ்வொரு தொகுதியும் இதேபோல் வரும் என்பதற்குச் சான்று கேட்டு, உதிரிபாக நிறுவனம் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. உலர்த்தும் இயந்திரத்துக்குக் கடன் கேட்டால் வங்கி கொள்முதல் ஆணையைக் கேட்கிறது. ஆணை கேட்டால் நிறுவனம் தொடர் உற்பத்தியைக் காட்டச் சொல்கிறது. இந்த முடிச்சை எங்கிருந்து அவிழ்ப்பது?

பதில் 1 – நார் ஆய்வாளர்

முதலில் நாரைப் பாருங்கள், ஐயா. பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸில் உருகும். 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் வார்க்கும்போது, நாரில் தங்கிய ஈரம் ஆவியாகிப் பலகைக்குள் குமிழியாக நின்றுவிடும். ஐப்பசி மழையில் வந்த நாரில் ஒரு பிடியை எடைபோட்டு, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். சித்திரையில் வாங்கிய நாருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தராசிலேயே தெரியும். வெளிமட்டை நார் முரடு, உள்மட்டை நார் மென்மை. இரண்டையும் ஒரே கட்டாக வாங்கினால் வலிமை சீராக வராது. நாரை ஊறவைக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலின் செறிவையும் ஊறும் நேரத்தையும் தொகுதிவாரியாகப் பதிவு செய்யுங்கள். நிறுவனம் கேட்பது அதைத்தான்.

பதில் 2 – சாலைப் பொறியாளர்

தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலையை மதுரைக்காரர்கள் அறிவோம். சூடான ஜல்லியின்மேல் துருவிய பிளாஸ்டிக் கழிவைத் தூவ, அது உருகிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் தார் சேர்ப்பார்கள். பழைய கலவை ஆலையே போதுமானதால் ஒப்பந்தக்காரருக்குப் பெருஞ்செலவு இல்லை. அப்படியிருந்தும், 2002-இல் கல்லூரி வளாகத்தில் சாலை போட்ட பிறகு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டு நெறி 2013-இல்தான் வந்தது. வாகனத் துறையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் காலத்தில் கடைகளுக்கான அடுக்குத் தட்டு போன்ற எளிய பொருளைச் செய்வது நல்லது.

பதில் 3 – உதிரிபாகக் கொள்முதல்

இதில் மாறுபடுகிறேன். அடுக்குத் தட்டு மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கோடு விலையில் மோத வேண்டும். நார் பிரிக்கும் கூலிகூட மிஞ்சாது. எடை குறைவதற்காகக் கூடுதல் விலை தருவது வாகனத் துறைதான். உலர்த்தியைத் தனியாக வாங்காமல் நான்கைந்து பட்டறைகள் சேருங்கள். குறு, சிறு தொழில் குழுமங்களின் பொது வசதி மையத்துக்கு ஒன்றிய அரசின் மானியத் திட்டம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கப்பலூர்ப் பட்டறை

மூவருக்கும் நன்றி. மட்டை வாரியாகப் பிரித்து வாங்கவும், பொது உலர்த்தி குறித்து அக்கம்பக்கப் பட்டறைகளில் பேசவும் தொடங்குகிறேன். 24 மணி நேரம் நீரில் மூழ்கவைக்கும் சோதனையில் வெட்டிய விளிம்பு மட்டும் உப்புகிறது. விளிம்பைப் பூசி மூடிய மாதிரியை ஏற்பார்களா?

பதில் 3 – உதிரிபாகக் கொள்முதல்

வண்டியில் பொருத்தும் பலகைக்கும் அதே பூச்சு இருக்குமானால் ஏற்பார்கள். மூடியது, மூடாதது இரண்டின் முடிவுகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.