உதவி: எர்த்க்வேக் மந்திரத்தில் கோட்டையும் மலையும் சரிந்தால் ஆட்டத்தை எப்படி நடத்துவது?

கோட்டைவாசல் (காட்பாடி):
வணக்கம். நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். எதிரியின் கோட்டையை நம்ம வேலூர்க் கோட்டையைப் பார்த்தே வரைந்திருக்கிறேன்: இரண்டு வரிசைக் கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, கிழக்கே பாறை மலைகள். டிரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடும் தம்பி 15ஆம் லெவலைத் தொட்டதும் எர்த்க்வேக், அதாவது நிலநடுக்க மந்திரத்தை எடுத்துவிட்டான். வரும் ஞாயிறு மதிலைத் தள்ளி, மலையையும் கோட்டை மேல் சரிக்கப்போகிறானாம்.

மந்திரத்தின் ஆரம் 100 அடி. ஒரு கட்டம் 5 அடி என்றால் குறுக்கே 40 கட்டம். என் மேட் (கட்டம் போட்ட ஆட்ட விரிப்பு, கட்டத்துக்கு ஓர் அங்குலம்) 24க்கு 36 அங்குலம், அதில் அடங்கவே அடங்காது. கட்டம் கட்டமாகக் கணக்குப் பார்த்தால் மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். ‘நடக்காது’ என்று சொல்லவும் மனசு வரவில்லை. வழி சொல்லுங்கள்.

தோல்ஷாப் டைஸ் (ராணிப்பேட்டை):
முதலில் மந்திரத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். சுற்றுக்கு (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு சுற்று) 50 சேதம் என்பது தரையைத் தொட்டு நிற்கும் கட்டடங்களுக்கு மட்டும்தான். மலை கட்டடம் இல்லை. மலையில் பிளவுதான் விழும்: 1 முதல் 6 வரை, ஒவ்வொன்றும் 10 அடி அகலம், 10 முதல் 100 அடி ஆழம். எங்கே விழும் என்பதை முடிவு செய்வது நீங்கள். பிளவு அடியில் போனால் அதன் மேல் நிற்கும் கட்டடம் தானாகவே இடியும். அதனால் மதிலைக் கட்டமாகப் பார்க்காமல் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நிலை போதும்: நிற்கிறது, விரிசல் விட்டது, விழுந்தது. மேட் வேண்டாம், ஒரு பேப்பரில் முழுக் கோட்டையையும் வரைந்து பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

கோட்டைவாசல்:
அண்ணா, துண்டு யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் மலை அசையவே அசையாது என்றால் பையன் நொந்துபோவான்.

உளிச்சத்தம் (குடியாத்தம்):
மலை சரியாது, ஆனால் மலை மேல் இருப்பது சரியும். நம்ம பக்கத்து மலைகளைப் பாருங்கள், உருண்டைப் பாறை ஒன்றன் மேல் ஒன்று தொற்றிக்கொண்டு நிற்கும். அதிர்ச்சியில் அவை உருண்டு வந்து கிழக்கு மதிலில் மோதட்டும். பையனுக்கும் திருப்தி, விதியும் கெடாது.

அப்புறம், இடிந்த கல் எங்கே போகிறது என்பதை விடவே கூடாது. நிறைய பேர் ‘மதில் விழுந்தது’ என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை வெறும் தரையாக விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது ஆறவே ஆறாது. குவாரியில் வெடி வைத்து உடைத்த பாறை, உடையாமல் இருந்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். குவியலின் சரிவு 35 முதல் 40 டிகிரியில் நிற்கும். குவியல் 15 அடி உயரம் என்றால் ஒரு பக்கம் சுமார் 20 அடி, அதாவது 4 கட்டம் பரவும். அந்தக் கட்டங்களில் ஒரு அடி நடக்க இரண்டு அடி செலவு. வெளி மதில் அகழிக்குள் விழுந்தால் அகழி தூர்ந்து பாதை ஆகிவிடும். உங்கள் ஆட்கள் ஏறலாம், எதிரியும் அதே வழியில் இறங்கி வருவான். பிளவு அகழியைக் குறுக்கே வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

கலங்கல் (காவேரிப்பாக்கம்):
இதையும் யோசியுங்கள். கல்லும் மண்ணும் ஓடையை மறித்தால் பின்னால் ஏரி கட்டும். 1893இல் இமயமலையில் கர்வாலில் மலை சரிந்து பிரஹி கங்கை ஆற்றை அடைத்து கோஹ்னா ஏரி உண்டானது. அது உடைந்தது மறு வருடம் ஆகஸ்டில்தான். அதற்குள் தந்திக் கம்பி இழுத்து, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். உங்கள் ஆட்டத்திலும் கீழ்க்கரை ஊர் ஒன்றை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சண்டை முடிந்தாலும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கட்டும்.

எங்கள் ஏரிக்கரை மாதிரி மண் கரை இருந்தால் மூவ் எர்த் என்ற மண்ணை நகர்த்தும் மந்திரம் பற்றியும் பேசி வையுங்கள். அது கல்லைத் தொடாது, மண்ணை மட்டும் 40 அடிச் சதுரத்தில் 10 நிமிடம் எடுத்து மாற்றும். கரை உடைந்தாலும் ஒரே சுற்றில் வெள்ளம் வந்துவிடாது. முதலில் ஒரு வாய், அப்புறம் அரித்து அரித்து அகலமாகும். மதகைக் காக்க ஓட நேரம் இருக்கும்.

கோட்டைவாசல்:
பேப்பரில் மதிலை 8 துண்டாகப் பிரித்துவிட்டேன். கீழ்க்கரை ஊருக்குப் பெயரும் வைத்தாயிற்று. ஒரே ஒரு சந்தேகம்: இடிபாட்டில் சிக்கியவர்களுக்கு?

தோல்ஷாப் டைஸ்:
கட்டடத்தின் உயரத்தில் பாதி தூரத்துக்குள் இருப்பவர்கள் டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்பிக்கும் பகடை உருட்டல்) போட வேண்டும். தவறினால் 5டி6 (ஆறு முகப் பகடை ஐந்தின் கூட்டுத்தொகை) சேதம், கீழே விழுந்து கல்லுக்கடியில் சிக்குவார்கள். வெளியே வர அத்லெடிக்ஸ் (உடல்பலத் திறமை) உருட்டலில் 20 தேவை. காவல்காரர்களுக்குத் தனித்தனியாக உருட்டாதீர்கள், துண்டுக்கு ஒரு உருட்டல் போதும்.