தோம்ஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். தாவரவியலில் இளங்கலை முடித்த என் தங்கை, ரஷ்யாவின் தோம்ஸ்க் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க விரும்புகிறாள். 1878-இல் நிறுவப்பட்ட, சைபீரியாவின் முதல் பல்கலைக்கழகம் அது. 1885-இல் தாவரவியலாளர் க்ரிலோவ் தொடங்கிவைத்த உலர்தாவரத் தொகுப்பு இன்றும் அங்கே இருக்கிறது; ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள்! சோலைக்காட்டு இலைகளைச் சிறுவயதிலிருந்தே நோட்டில் ஒட்டி, பெயர் எழுதி வைத்தவள் அவள். வேறு எந்த ஊரைச் சொன்னாலும் கேட்க மாட்டாள்.

அம்மாவுக்குக் குளிரை நினைத்துப் பயம். ஊட்டியின் ஜனவரி உறைபனிக்கே நடுங்குகிறோம். அங்கே மைனஸ் 30-க்கும் கீழே இறங்குவதுண்டு. எனக்கு மொழிதான் கவலை. ரஷ்ய மொழியில் படிப்பதென்றால் முதலில் ஆயத்த வகுப்பில் மொழி கற்க வேண்டும். அந்த ஓராண்டு உங்களுக்குப் போதுமானதாக இருந்ததா? ஆய்வகத்தில் பேராசிரியர் சொன்னது புரிந்ததா?

ஒரு முகவர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்னையிலுள்ள ரஷ்யப் பண்பாட்டு மையமான ரஷ்ய மாளிகை வழியாக அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்கள், சான்றிதழ்களை எங்கே மொழிபெயர்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அங்கே படிக்கும் அக்காமார் யாராவது தங்கையிடம் ஒருமுறை பேசினால் பேருதவியாக இருக்கும்.