வீட்டிலிருந்து வேலை செய்பவர்களே, ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் வீட்டிலிருந்தபடியே லண்டன் நிறுவனமொன்றுக்குக் கணக்கு வேலை செய்கிறேன். அவர்களுடைய காலை 9 மணி இப்போது நமக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30 ஆகிவிடும். கச்சான் காற்று வீசும் நேரத்தில் தகரக் கூரையின் கீழ் மடிக்கணினியும் கொதிக்கிறது, தலையும் கொதிக்கிறது.

கண்ணுக்குப் பிரச்சினையில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் நிற்கும் முற்றத்து முருங்கையை 20 செக்கன் பார்த்துவிடுகிறேன். மடிக்கணினியைப் புத்தக அடுக்கில் உயர்த்தி, தனி விசைப்பலகை வைத்ததும் கழுத்துவலி குறைந்தது. முதுகுதான் பிளாஸ்டிக் கதிரையோடு மல்லுக்கட்டுகிறது. காத்தான்குடிப் பக்கம் நியாய விலையில் நல்ல கதிரை எங்கே கிடைக்கும்?

வேலை முடிய இரவு 9.30. அதன்பின் புட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிவு. இதே நேரத்தில் வேலை செய்பவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று வேலைக் கூட்டத்தின் நடுவில் கடைக்கு அனுப்பும் மாமியைச் சமாளிக்கும் வித்தை தெரிந்தவர்களும் எழுதுங்கள்.