கிரிக்கெட் பாப்-அப் கார்டு: ஸ்டம்ப் வெளியே துருத்துகிறது, அட்டை வளைகிறது – உதவி தேவை

கேள்வி (காகிதக்கிளி):
அண்ணன் மகளுக்கு 16வது பிறந்தநாள். மீடியம் பேஸ் போடுகிற பெண். ஏ4, 300 ஜி.எஸ்.எம். அட்டையைப் பாதியாக மடித்திருக்கிறேன். லேப்டாப் மாதிரித் திறந்தால் ஸ்டம்ப் எழ வேண்டும். மடிப்பின் இருபுறமும் 3 செ.மீ. வெட்டி, உள்பக்கம் தள்ளி, ஸ்டம்ப் ஒட்டப் படிக்கட்டு மாதிரி ஒரு படி செய்தேன். ஸ்டம்ப் உயரம் 13 செ.மீ. மூடினால் நுனி வெளியே தெரிகிறது. மைதானத்துக்குப் பச்சைத் தாளை ஃபெவிகாலில் ஒட்டியதும் அட்டை வளைந்துவிட்டது. சிவப்பு ஸ்கெட்ச் பேனா பந்தில் வெள்ளை ஜெல் பேனாவால் தையல் போட்டால் ரோஸ் ஆகிறது.

மடிப்புக்கோடு:
கணக்கு எளிது. மூடும்போது ஸ்டம்ப் படியின் விளிம்பிலிருந்து முன்னோக்கிப் படுக்கும். 3 + 13 = 16; உங்கள் பக்கமோ 14.8 செ.மீ.தான். படி ஆழமும் உயரமும் சேர்ந்து 14-ஐத் தாண்டக் கூடாது.

நான் சொல்வது, நிஜ அளவில் பத்தில் ஒன்றாகவே வெட்டுங்கள். ஸ்டம்ப் உயரம் 71 செ.மீ., மூன்றும் சேர்ந்த அகலம் 22.9 செ.மீ. ஆக 7.1-க்கு 2.3. ஒவ்வொரு பட்டையும் 4 மி.மீ., இடைவெளி ஐந்தரை மி.மீ. பந்து 7 மி.மீ., நடுவே புகாது. பந்து போடுகிறவள் இதைத்தான் முதலில் பார்ப்பாள்! பட்டைகள் தனித்தனியாக நின்றால் சாயும், ஓ.எச்.பி. ஷீட்டில் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி வெட்டுங்கள்.

பசைடப்பா:
ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது. தாள் ஊறி விரியும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பெரிய பரப்புக்கு டபுள் சைடு டேப் அல்லது குளூ ஸ்டிக். வளைந்ததைக் காப்பாற்ற, பின்பக்கமும் அதே தாளை அதே பசையால் ஒட்டி, பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கடியில் ஒரு ராத்திரி வையுங்கள். படி வெட்டிய இடத்தின் பின்னால் மட்டும் பசை படக் கூடாது.

காகிதக்கிளி:
நன்றி. 7.1-க்குக் குறைத்தேன், துருத்தவில்லை. ஆனால் பாதி மூடியதும் முட்டிக்கொண்டு நிற்கிறது. மடிப்பிலும் வெள்ளை வெடிப்பு.

மடிப்புக்கோடு:
ஸ்டம்பின் அடியைத் தரையிலும் ஒட்டிவிட்டீர்களா? படியின் முன்முகத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். தரையில் பிடித்தால் மடங்க வழியில்லை. பிளேடால் மெல்ல விடுவியுங்கள்.

வெடிப்பு, அட்டையின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்ததால். அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எளிதாக வளைகிற பக்கம்தான் மடிப்பு. மை தீர்ந்த பால்பென்னால் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். வெடித்த அட்டை சரியாகாது, புதிதாக ஒன்று வெட்டுங்கள்.

பசைடப்பா:
முகப்பில் பெரிய பந்து வைக்கிறீர்கள் போல. ஸ்கெட்ச் பேனா சாயம் ஜெல் மையில் கரையும், எத்தனை கோட் போட்டாலும் ரோஸ்தான். சிவப்புச் சார்ட்டில் வட்டம் வெட்டி, ஊசியால் துளையிட்டு வெள்ளை நூலால் தையல் போடுங்கள். நிஜப் பந்தில் ஆறு வரிசை; 5 செ.மீ. வட்டத்துக்கு நான்கே போதும்.

பலூன், மினுக்கு வேண்டாம், 16 வயதுக்குக் குழந்தைத்தனம். ஸ்கோர்போர்டு வரைந்து அவள் பெயர் பக்கத்தில் ‘16 நாட் அவுட்’. கவர் 16.2 × 22.9 செ.மீ. அளவில் வாங்குங்கள், பந்துக்கடியில் ஃபோம் டேப் ஒரே அடுக்கு, இரண்டானால் கவர் புடைக்கும்.