ஃபிளீஸ் ஜாக்கெட் பேட்டர்ன்: 3டி-யில் தொளதொள, தைத்தால் இறுக்கம். எங்கே தப்பு?

கோத்தகிரி_ஊசி:

ஹூட் வச்ச ஜிப் ஜாக்கெட், ஆண்கள் எம் சைஸ், பாலியஸ்டர் ஃபிளீஸ், 4 மி.மீ. தடிமன். பேட்டர்ன் ஒரு கேட் சென்டர்ல (கம்ப்யூட்டர்ல பேட்டர்ன் போடுற இடம்) போட்டது, டிஎக்ஸ்எஃப் ஏஏஎம்ஏ ஃபைல் (பேட்டர்ன் பரிமாற்ற ஃபார்மேட்). அதை குளோ 3டி-யில (துணியைத் திரையில தச்சு உடுத்திப் பார்க்கிற சாஃப்ட்வேர்) இம்போர்ட் பண்றேன். முதல்ல எல்லா பீஸும் தீப்பெட்டி அளவுல வந்துச்சு. 25.4 மடங்கு பெருக்கினதும் சரியாயிடுச்சு. அதுக்கப்புறம்தான் தலைவலி.

தோள் மேல கை மாட்டுற இடம் பூராவும் சுருக்கம். ஸ்லீவ் கேப் (கைப்பீஸோட மேல் வளைவு), ஆர்ம்ஹோலைவிட (உடம்பு பீஸ்ல கை மாட்டுற வளைவு) 6 செ.மீ. நீளம்னு காட்டுது. இடது கை மட்டும் பிழிஞ்ச துண்டு மாதிரி முறுக்குது. சிமுலேஷன் ஓட்டினா ஹூட் தலைக்குள்ள புகுந்து பீஸ்கள் பறக்குது.

எல்லாத்தையும்விடப் பெரிய குழப்பம்: அவதாருக்கு (திரையில நிக்கிற மனித உருவம்) மார்பு 100 செ.மீ. வச்சிருக்கேன், திரையில ஜாக்கெட் நல்லா லூஸ். அதே அளவு ஆளுக்கு, பனியன், சட்டை, கைப்பின்னல் ஸ்வெட்டருக்கு மேல தச்ச சாம்பிளைப் போட்டா ஜிப் மேல ஏற மாட்டேங்குது. சைஸ் சார்ட்ல ஜாக்கெட்டோட மார்புச் சுற்று 108 செ.மீ. துணிக்கு என்ன பிரீசெட் (சாஃப்ட்வேர்ல தயாரா இருக்கிற துணி அமைப்பு) வைக்கிறது? முதுகுல தோடர் பூவேலைப் பட்டை ஒண்ணு வரும், அதையும் காட்டணும்.

குன்னூர்_கத்தரி:

25.4 சரிதான். ஃபைல் இஞ்சில எழுதினது, நீங்க மி.மீ.ன்னு படிச்சிருக்கீங்க. ஆனா கண்ணளவுல நம்பாதீங்க. முதுகு நடு நீளம் சார்ட்ல எவ்வளவோ, 2டி-யிலயும் (பீஸ்கள் தட்டையா விரிஞ்சு நிக்கிற விண்டோ) அதே வருதான்னு ஒரு தடவை அளந்துடுங்க.

கை சுருக்கமும் மார்பு லூஸும் ரெண்டு பிரச்சனை மாதிரித் தெரியுது, ஒரே வியாதிதான். முன், பின் பீஸோட மார்பு அகலத்தை 2டி-யில கூட்டிப் பாருங்க. 108 வராது, 114 கிட்ட வரும். தையலுக்கு விட்ட 1 செ.மீ.யையும் சேர்த்து, வெட்டுக்கோட்டுலயே தைக்கிறீங்க. பக்கத் தையல் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் முன்னும் பின்னுமா 2 செ.மீ., ஆக 4. ஜிப் ஓரத்துல ரெண்டு பக்கமும் சேர்த்து 2. மொத்தம் 6.

அதே 1 செ.மீ. வளைவுல இன்னும் மோசமா வேலை செய்யும். ஆர்ம்ஹோல் உள்பக்கம் குழிஞ்ச வளைவு. அங்க வெட்டுக்கோடு தையல்கோட்டைவிடக் குட்டை. ஸ்லீவ் கேப் வெளிப்பக்கம் புடைச்ச வளைவு. அங்க வெட்டுக்கோடு நீளம். ஒண்ணு சுருங்கி இன்னொண்ணு நீண்டா வித்தியாசம் எகிறாம என்ன செய்யும்? ஃபிளீஸுக்கு கேப்புல 1, மிஞ்சினா 1.5 செ.மீ. ஈஸ் (ஆர்ம்ஹோலைவிட கூடுதல் நீளம்) போதும்.

ஏஏஎம்ஏ ஃபைல்ல லேயர் 1 வெட்டுக்கோடு, லேயர் 14 தையல்கோடு. 4 நாட்ச் (பீஸ்களைப் பொருத்துற அடையாளம்), 6 மடிப்புக்கோடு, 7 கிரெயின் லைன் (துணி இழையோட திசை), 8 உள்கோடுகள். 14 இருந்தா, இம்போர்ட் பண்ணும்போதே வெட்டுக்கோட்டையும் தையல்கோட்டையும் மாத்திக்கிற ஆப்ஷனை டிக் பண்ணுங்க, முடிஞ்சுது. 14 இல்லேன்னா கேட் போட்டவர்கிட்டயே தையல்கோட்டோட திரும்ப எக்ஸ்போர்ட் கேளுங்க. நீங்களே எல்லா ஓரத்தையும் 1 செ.மீ. உள்ள தள்ளினா அடிமடிப்புல மாட்டிக்குவீங்க, அங்க பெரும்பாலும் வேற அளவு விட்டிருப்பாங்க. கையோட ஆர்யூஎல் ஃபைலையும் கேட்டு வாங்குங்க. கிரேடிங் (மத்த சைஸுக்குக் கூட்டிக் குறைக்கிற விதி) அதுலதான் இருக்கு, அது இல்லாம பேஸ் சைஸ் மட்டும்தான் வரும்.

இடது கை: அந்தத் தையலோட திசை தலைகீழ். 3டி விண்டோல தையல் நூல்கள் குறுக்கே எக்ஸ் மாதிரி போகும், பார்த்தாலே தெரியும். ரைட் கிளிக் பண்ணி ரிவர்ஸ் பண்ணுங்க. அதைவிட நல்ல வழி, வலது கையை முழுசாத் தச்சு முடிச்சுட்டு, தையலோட சமச்சீர் நகல் எடுக்கிறது. இடதுக்குத் தனியா ஒரு தையல்கூடப் போட வேண்டாம்.

ஊட்டி_பாவுஊடை:

மேலே சொன்னது சரி. ஆனால் 6 செ.மீ. மட்டும் குற்றவாளி இல்லை. மலைப்பக்கம் ஜாக்கெட் எதற்கு மேல் போடப்படுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் அவதார் வெறும் உடம்போடு நிற்கிறது.

உடம்பின் மேல் எவ்வளவு தடிமன் ஏறுகிறதோ, சுற்றளவு அதைப் போல 2 பை மடங்கு, அதாவது 6.28 மடங்கு கூடும். பனியன், சட்டை, ஸ்வெட்டர் மூன்றும் சேர்ந்து 9 மி.மீ. என்று வைத்தால் 5.7 செ.மீ. போய்விட்டது. ஃபிளீஸின் சொந்தத் தடிமனில் பாதி உள்பக்கம் போகும். 2 மி.மீ., அதற்கு 1.3 செ.மீ. திரையில் தெரிந்த 14 செ.மீ. தளர்வில் 6, 5.7, 1.3 மூன்றையும் கழியுங்கள். மிச்சம் 1. ஜிப் எப்படி ஏறும்?

சிமுலேஷன் துணியை மெல்லிய ஏடாகத்தான் மடக்குகிறது. ரெண்டரிங் தடிமனை 4 என்று வைத்தால் படம்தான் மாறும், ஃபிட் மாறாது. அவதாரின் தோல் இடைவெளி (துணியை உடம்பிலிருந்து தள்ளி நிறுத்தும் தூரம்) வழக்கமாக 3 மி.மீ., துணியின் மோதல் தடிமன் 2.5. விரைவுச் சோதனைக்கு தோல் இடைவெளியை 9 ஆக்கிப் பாருங்கள். முறையாகச் செய்ய, ஸ்வெட்டரை முதலில் உடுத்தி ஃப்ரீஸ் செய்து, ஜாக்கெட்டுக்கு லேயர் எண் 1 (எந்தத் துணி வெளியே என்று சொல்லும் எண், ஃபைலின் லேயர் அல்ல) கொடுத்து ஓட்டுங்கள். வெளியே உட்கார்ந்ததும் எண்ணை 0 ஆக்கிவிடுங்கள்.

பிரீசெட் பெயரை நம்ப வேண்டாம், துணியை அளந்துவிடலாம். 10 செ.மீ. சதுரம் வெட்டி 0.01 கிராம் தராசில் நிறுத்து 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை). 2.80 கிராம் என்றால் 280. விறைப்புக்கு, 2.5 செ.மீ. அகலப் பட்டைகள் நீளவாக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று. மேசை விளிம்பில் தள்ளிக்கொண்டே போங்கள். நுனி 41.5 பாகை சரிவைத் தொடும்போது வெளியே தொங்கும் நீளத்தில் பாதிதான் வளைவு நீளம். அதே பட்டையை மென்பொருளிலும் தொங்கவிட்டு, நுனி அதே இடத்துக்கு வரும்வரை வளைவு எண்ணை மாற்றுங்கள். பாலியஸ்டரை எந்த நாளிலும் நிறுக்கலாம். கம்பளியை மட்டும் மூடுபனி நாளில் நிறுக்காதீர்கள். ஈரத்தை இழுத்துக்கொண்டு தராசில் பொய் சொல்லும்.

கொடைக்கானல்_ஹூட்:

பறக்கிற விஷயத்துக்கு மட்டும் பதில். ஓட்டறதுக்கு முன்னாடியே ஹூட் பீஸ் தலையை வெட்டிக்கிட்டு நிக்குது. அதைப் பிடிச்சு வெளிய தள்ளத்தான் சாஃப்ட்வேர் உதறுது. அவதாரோட முடியை எடுங்க. பீஸ்களை அரேஞ்ச்மென்ட் பாயின்ட்ல (அவதாரைச் சுத்தி பீஸ் வைக்கிற புள்ளிகள்) வைங்க. ஹூட்டை டீஆக்டிவேட் பண்ணிட்டு உடம்பு, கை, அடி ரிப், ஜிப் வரிசையில முடிச்சு, கடைசியா ஹூட். துகள் தூரம் (துணி வலையோட புள்ளிகளுக்கு நடுவுல உள்ள இடைவெளி) 20 மி.மீ.லயே வேலை பாருங்க. 5-க்கு இறக்கினா முக்கோணங்கள் 16 மடங்கு ஆகும், மெஷின் திணறும். அது கடைசிப் படத்துக்கு மட்டும்.

குளோ லைசென்ஸ் இல்லாதவங்க பிளெண்டர்லயும் (இலவச 3டி சாஃப்ட்வேர்) செய்யலாம். அங்க 1 யூனிட் 1 மீட்டர். மி.மீ. ஃபைலை அப்படியே கொண்டுவந்தா 700 மி.மீ. முதுகு 700 மீட்டர் ஆயிடும், துணி புகை மாதிரி மெதுவா விழும். 0.001 ஸ்கேல் கொடுத்து அப்ளை பண்ணணும். தைக்க வேண்டிய ரெண்டு ஓரத்துலயும் புள்ளிகள் ஒரே எண்ணிக்கை. பிரிட்ஜ் பண்ணி (ரெண்டு ஓரத்தையும் முகங்களால இணைச்சு) முகங்களை மட்டும் அழிச்சா, மிஞ்சுற வெறும் கோடுகள்தான் நூல். கிளாத்ல சோயிங்கை (தையல்) ஆன் பண்ணுங்க. ஃபிட் பார்க்க அதை நம்ப மாட்டேன், கேட்லாக் படத்துக்குப் போதும்.

கோத்தகிரி_ஊசி:

அளந்தேன், 114 தான்! லேயர் 14 ஃபைல்லயே இருந்திருக்கு, நான்தான் டிக் பண்ணலை. இப்போ கேப் வித்தியாசம் 1.2. ஸ்வெட்டரோட ஓட்டினா ஸ்ட்ரெயின் மேப்ல (துணி எங்க இழுபடுதுன்னு நிறத்துல காட்டுறது) மார்புல சிவப்பு தெரியுது. பூவேலைப் பட்டைக்கு வெறும் படம் ஒட்டினா போதுமா?

ஊட்டி_பாவுஊடை:

நிறத்துக்குப் போதும். கறுப்பு, சிவப்பு நூல் நிறைந்த இடம் விறைத்து நிற்கும், அது படத்தில் வராது. முதுகு பீஸில் பட்டையின் எல்லையை உள்கோடாக வரைந்து கட் அண்ட் சோ (வெட்டித் திரும்பத் தைக்கும் கட்டளை) கொடுங்கள். பட்டைக்குத் தனித் துணி. அதன் ஜிஎஸ்எம்மையும் வளைவையும் பூவேலை போட்ட துண்டிலேயே அளக்க வேண்டும். சிவப்பைப் பார்த்து மார்பை மட்டும் அகலமாக்காதீர்கள். பக்கத் தையலில் கூட்டினால் ஆர்ம்ஹோல் நீளும், கேப்பையும் அதோடு சேர்த்துத் திருத்த வேண்டும்.